காணாமற்போன படமும் தேடப்படாத மகளும்

திரைப்படம் ஒன்றைப் பற்றி விமரிசனம் எழுத அமர்ந்திருக்கிறோம். அதை நாம் பார்த்ததில்லை. இதை வாசிக்கும் அன்பர்களுள் எவரும் பார்த்திருக்க வழியில்லை. எந்தக் காப்பகத்திலும் அதன் சுருள் இல்லை. பார்க்காததைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வது விமரிசனத்துக்கு அழகன்று என்பதை அறிவோம். ஆயினும் ஒரு கேள்வி நம்மை எழுதத் தூண்டிற்று. அதைக் கேட்டவர் இருபது வயது நிரம்பாத ஒரு பெண்.

கோட்டூர்புரத்தில் நம் இளையோர் குழுவினர் ஒரு ஞாயிறு மாலை ‘செல்லுலாய்டு’ என்னும் மலையாளப் படத்தைத் திரையிட்டனர். கேரள இயக்குநர் கமல் எடுத்து 2013-இல் வெளிவந்த படம் அது. மலையாளத்தின் முதல் கதைப்படமாகிய ‘விகதகுமார’னை எடுத்த ஜே. சி. டேனியலின் வாழ்வைச் சொல்வது. ‘விகதகுமாரன்’ என்றால் காணாமற்போன மகன் என்பது பொருள். படம் முடிந்ததும் நம்மைப் பேசச் சொன்னார்கள். பெயர் அப்படி அமைந்திருக்கும்போது ஒரு குருவுக்கு வேறென்ன தோன்றும்? லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். காணாமற்போன ஆடு, காணாமற்போன காசு, காணாமற்போன மகன் என்று மூன்று உவமைகளையும் விரித்துரைத்தோம். டேனியலை உலகம் மறந்தது, பின் தேடிக் கண்டுகொண்டது என்று நிறைவு செய்தோம். கைதட்டினார்கள்.

அப்போது வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஃபாதர், அந்த உவமையில எல்லாரையும் யாரோ ஒருத்தர் தேடறாங்க. இந்தப் படத்துல நடுராத்திரியில ஓடிப்போனாங்களே அந்த அக்கா, அவங்களத் தேடி யாராவது போனாங்களா?”

நம்மிடம் விடை இல்லை. அடுத்த சில வாரங்கள், பங்கு இல்லத்திலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஓய்வு நேரங்களைக் கழித்தோம். கிடைத்தவற்றைப் படித்தோம். அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய விடையே இக்கட்டுரை.

கொட்டகைக் காலம்

தமிழ்நாட்டில் சலனப்படம் ஊர் ஊராகச் சென்ற கதையின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவர் நிற்கிறார். திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம். கூடாரத்தைச் சுமந்துகொண்டு அவர் ஊர்தோறும் சென்றார். நம் பாட்டனார்களுள் பலர் திரையில் முதன்முதலாகக் கண்டது ஆண்டவரின் பாடுகளையே என்றால் மிகையாகாது.

அதன்பின் கொட்டகைகளை ஆண்டவை அமெரிக்கச் சாகசத் தொடர்கள். எடி போலோ என்ற நடிகரின் பெயர் அந்நாளில் சென்னைச் சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தது. கடத்தல், துரத்தல், மலையுச்சியில் மல்யுத்தம், கடைசி நொடியில் மீட்பு என்பவையே அவற்றின் சரக்கு. மௌனப் படத்துக்கு மொழி தேவையில்லை. ஆதலால் நியூயார்க்கில் கைதட்டிய இடத்திலேயே நம்மூரிலும் கைதட்டினார்கள்.

சென்னையில் மோட்டார் வாகன உதிரிப் பொருள் வணிகம் செய்த ஆர். நடராஜ முதலியார், கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புக் கூடம் அமைத்து, ‘கீசக வதம்’ என்னும் மௌனப் படத்தை 1917-18 காலத்தில் எடுத்தார். தென்னகத்தின் முதல் கதைப்படம் அதுவே. அதுவும் இன்று இல்லை. அவர் எடுத்த எதுவுமே இல்லை.

அந்தச் சென்னைக்குத்தான் அகஸ்தீஸ்வரத்துக் கிறிஸ்தவ நாடார் குடும்பத்தில் பிறந்த டேனியல் படத்தொழிலைக் கற்றுக்கொள்ள வந்தார். வாட்போர், அடிமுறை முதலிய தற்காப்புக் கலைகளில் ஈடுபாடு உடையவர். வாட்போர் குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அக்கலைகளை உலகுக்குக் காட்டச் சினிமாவே தக்க கருவி என்று நம்பினார். சென்னையில் அவருக்குக் கற்றுத்தர ஆள் அகப்படவில்லை. பம்பாய்க்குச் சென்றார். தாம் ஓர் ஆசிரியர் என்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் கூறி அங்குள்ள படப்பிடிப்புக் கூடங்களில் நுழைந்து பார்த்தார் என்பர். குடும்ப நிலத்தை விற்றுக் கருவிகள் வாங்கினார். 1926-இல் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற கூடத்தைத் தொடங்கினார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, நாயக வேடம் அனைத்தும் அவரே.

கதையும் அதன் குறையும்

படம் இல்லை, ஆனால் கதைச் சுருக்கம் எஞ்சியிருக்கிறது. திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் சந்திரகுமாரன். பூதநாதன் என்னும் தீயவன் அச்சிறுவனை இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். பெற்றோர் தேடிச் சலிக்கின்றனர். சிறுவன் அங்கு ஒரு தோட்டத்தில் கூலியாளாக வளர்கிறான். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கு அவனைப் பிடித்துப்போகிறது, மேற்பார்வையாளனாக உயர்கிறான். உறவினனாகிய ஜெயச்சந்திரன் இலங்கைக்கு வந்து, பூதநாதனிடம் பொருளைப் பறிகொடுத்து, தற்செயலாகச் சந்திரகுமாரனிடமே அடைக்கலம் புகுகிறான். உறவு இன்னதென்று அறியாமலே இருவரும் நண்பராகித் திருவிதாங்கூர் திரும்புகின்றனர். சந்திரகுமாரனின் தங்கை சரோஜினிக்கும் ஜெயச்சந்திரனுக்கும் காதல் அரும்புகிறது. பூதநாதன் அவளையும் கடத்த முயல்கிறான். நண்பர்கள் இருவரும் போராடி மீட்கின்றனர். முதுகிலுள்ள ஒரு தழும்பைக் கொண்டு, காணாமற்போன மகன் இவனே என்று வீட்டார் அறிகின்றனர்.

இதைப் படித்தவுடன் எடி போலோவின் நிழல் தெரிகிறது. கடல் கடந்த கடத்தல், கூலிக் கோலத்தில் மறைந்து வளரும் செல்வன், இறுதிப் போராட்டம் எல்லாம் அமெரிக்கச் சாகசப் படங்களின் எலும்புக்கூடே. இந்தியப் படத்துறை பெரும்பாலும் புராணங்களையே எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தம் காலத்து மனிதரின் கதையைப் படமாக்கத் துணிந்ததற்காக டேனியலைப் பாராட்ட வேண்டும். முதற்படம் என்ற காரணத்தால் மட்டும் ஒரு படைப்பு உயர்ந்ததாகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இக்கதையின் குறை வெளிப்படையானது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தோட்டத்தை டேனியல் கதைக்களமாக எடுத்தார். அங்கிருந்து கரை சேர்த்ததோ ஒருவனை மட்டும். அவன் கரை சேர்வதற்குக் காரணம் அவன் உழைப்பா, முதலாளியின் இரக்கமா, நல்ல குலத்துப் பிள்ளை எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான் என்ற பழைய நம்பிக்கையா? கதைச் சுருக்கத்தை வைத்துப் பார்த்தால் கடைசியில் சொன்னதே மேலோங்கி நிற்கிறது. நம் அம்மானைகளிலும் நாடகங்களிலும் காட்டில் வளரும் இளவரசன் இவனே. பிறப்பு தன்னை எப்படியும் வெளிப்படுத்திக்கொள்ளும் என்பதே கதையின் உட்பொருள்.

பிறப்பை உயர்த்திப் பிடிக்கும் இக்கதையை எடுத்த அதே கை, நடிகையைத் தேர்ந்தெடுத்தபோது பிறப்பை ஒதுக்கித் தள்ளிற்று. கதையாசிரியர் டேனியலைவிட இயக்குநர் டேனியல் பெரியவர் என்பது நம் முடிபு.

முதற்காட்சியின் பார்வையாளர்

அந்நாளில் மதிப்புள்ள குடும்பத்துப் பெண்கள் சினிமாவில் நடிக்க வரமாட்டார்கள். பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகையும் திரும்பிப் போய்விட்டார். அப்போது டேனியல், காக்காரிசி நாடகம் என்னும் நாட்டுப்புறக் கூத்தில் நடித்துவந்த ஒரு பெண்ணைக் கண்டார். புலையர் குலத்தில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், இயற்பெயர் ராஜம்மா. படத்துக்காக பி. கே. ரோசி ஆனார். அவருக்குக் கிடைத்தது சரோஜினி வேடம். சரோஜினி ஒரு நாயர் குலத்துப் பெண்.

இது எத்தகைய துணிவு என்பதை உணர, திருவிதாங்கூரின் வரலாற்றைச் சற்று நினைக்க வேண்டும். டேனியலின் பாட்டிமார் காலத்தில், அவர் குலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் தோளை மூடிச் சீலை அணிந்ததற்காகச் சந்தைகளில் அடிபட்டார்கள். தோள்சீலைக் கலகம் என்று நாம் படிப்பது அதைத்தான். 1859-இல் அரசு ஆணை பிறப்பித்த பிறகே அவர்களுக்கு மேலாடை அணியும் உரிமை கிட்டியது. அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்ட புலையர், பொதுவழியில் நடப்பதற்கே அய்யன்காளி காலத்தில் போராட வேண்டியிருந்தது. வைக்கம் போராட்டம் 1924-25-இல் நடந்தது. ஆலய நுழைவு ஆணை வந்தது 1936-இல். இரண்டுக்கும் நடுவே, ஒரு புலையர் குலப் பெண் நாயர் பெண்ணின் உடையணிந்து, ஒளியாய்த் திரையில் எழுந்தார். ஆடைக்காக அடிபட்ட குலத்தின் பேரன் அந்த ஆடையை அவருக்கு அணிவித்தார். இதைவிடத் திருத்தமான ஒரு காட்சியை எந்தக் கதாசிரியனும் எழுதியிருக்க முடியாது.

திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் படம் வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். ரோசி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. தாம் நடித்த படத்தைப் பார்க்க ஆவலோடு வந்த அவரை, அடுத்த காட்சிக்கு வரும்படி சொல்லி வெளியே நிறுத்தினர் என்பர். உள்ளே, நாயகன் அவர் கூந்தலில் சூடிய மலரை முத்தமிடும் காட்சி வந்தது. கூச்சலும் கல்லெறியும் எழுந்தன. திரை கிழிந்தது. பின்னர் அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பினார் என்று வரலாற்றைத் தேடியவர்கள் எழுதியுள்ளனர்.

இந்த இடத்தில் நம் விமரிசனத்துக்கு உரிய பொருள் கிடைத்துவிடுகிறது. படம் நம் கையில் இல்லை, பார்வையாளர்கள் இருக்கிறார்கள். திரையில் தெரிந்தது நிழல். அந்த நிழலுக்குக் குலம் இல்லை. மேடையிலாவது நடிப்பவரின் உடல் எதிரே நிற்கும். திரையிலோ ஒளியும் இருளும் மட்டுமே. அந்த ஒளியையும் தீட்டு என்று கண்டவர்கள் சரோஜினியைப் பார்க்கவே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு படத்தைப் பார்க்க மறுத்தார்கள். ஆகவே ‘விகதகுமாரன்’ தீயில் அழிந்த பிறகு காணாமற்போன படம் அன்று. முதற்காட்சியிலேயே அது காணாமற்போயிற்று.

தீயும் வழக்கும்

சுருள்கள் அழிந்த கதை வேறு. ஆலப்புழை முதலிய வேறு ஊர்களிலும் படத்தைக் காட்டிப் பார்த்தும் டேனியலால் கடனிலிருந்து மீள முடியவில்லை. கூடத்தையும் கருவிகளையும் விற்றார். பாளையங்கோட்டை முதலிய ஊர்களில் பல் மருத்துவராகப் பிழைத்தார். வீட்டில் கிடந்த படச்சுருளைச் சிறுவனாயிருந்த இளைய மகன் எரித்து விளையாடினான். நீல ஒளி விட்டு எரிந்த அதன் அழகில் மயங்கித் துண்டு துண்டாகக் கொளுத்தியதை, வளர்ந்தபின் அவரே வருத்தத்தோடு வெளியிட்டிருக்கிறார்.

அச்சிறுவனைக் குறை சொல்லலாகாது. அந்நாளையச் சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. வெடிமருந்துப் பஞ்சுக்கு உறவு. ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பியது காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாகும். அதில் படிந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் சுருள்களை வாங்கி உருக்கினார்கள். பேசும் படம் வந்தபின் மௌனப் படம் யாருக்கு வேண்டும்? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, 1912 முதல் 1929 வரை அங்கு வெளியான 10,919 மௌனக் கதைப்படங்களுள், வெளிவந்த வடிவிலேயே எஞ்சியவை 14 விழுக்காடு என்கிறது. எல்மோ லிங்கன் டார்ஜானாக நடித்து 1918-இல் வந்த இரு படங்களுள் இரண்டாவது இன்று கிடைப்பதில்லை. கோடிகளில் புரண்ட நாட்டிலேயே இந்நிலை. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் 1,300-க்கும் மேல். முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியவை ஏறத்தாழ முப்பதே. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பட்டபோது பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது.

ஆனால் அதே திருவனந்தபுரத்தில், அதே கேபிடல் கொட்டகையில் 1933-இல் வெளியான மற்றொரு மௌனப் படம் இன்றும் இருக்கிறது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்டவர்மா’ அது. சி. வி. இராமன்பிள்ளையின் நாவலை எடுத்தாண்டதற்காக, நூலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் நிறுத்தப்பட்டது. சுருள் பதிப்பகத்தாரிடம் முடங்கிக் கிடந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் புனேக் காப்பகம் அதை மீட்டது. ஒன்றை முடக்கிய வழக்கு அதைக் காத்தது. அன்போடு வீட்டில் வைத்திருந்தது அழிந்தது. வரலாற்றில் எஞ்சுவதெல்லாம் தகுதியால் எஞ்சியது, அழிந்ததெல்லாம் தகுதியின்றி அழிந்தது என்று எண்ணுவோருக்கு இவ்விரு படங்களுமே மறுமொழி.

தேடியவர்கள் தேடியது யாரை?

டேனியலைத் தேடியவர் உண்டு. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளர் முதியவரான டேனியலைக் கண்டுபிடித்து, மலையாள சினிமாவின் தந்தை இவரே என்று வாதாடினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, அகஸ்தீஸ்வரம் 1956 முதல் தமிழ்நாட்டில் இருப்பதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 1975-இல் டேனியல் காலமானார். 1992-இல் கேரள அரசு அவர் பெயரால் விருது நிறுவிற்று. 2013-இல் ‘செல்லுலாய்டு’ வந்தது. பிருத்விராஜின் நடிப்பு நம் இளையோரைக் கலங்கச் செய்தது; நம்மையுந்தான்.

அப்படத்தின் மீது நமக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆயினும் மாணவியின் கேள்விக்குப்பின் மறுபடி பார்த்தபோது ஒரு கோணல் தெரிந்தது. ரோசி வரும் பகுதிகளே படத்தின் உயிர். கிராமத்துப் பெண்ணாகிய சாந்தினி கண்ணாடி முன் நின்று தம்மைத் தாமே வியப்போடு நோக்குவதை எளிதில் மறக்க முடியாது. ஆனால் அந்த ரோசிக்கு வியக்கவும் அஞ்சவும் நன்றி கூறவும் மட்டுமே இடம் தரப்படுகிறது. கூத்து மேடையில் பழகிய நடிகைக்குத் தம் நடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இராதா? இருளுக்குள் அவர் ஓடி மறைந்ததும் படம் அவரைப் பின்தொடரவில்லை. பிற்பகுதி முழுவதும் டேனியலின் வறுமை, டேனியலின் மறதி, டேனியலுக்கு நேர்ந்த அநீதி, டேனியலின் மகனுடைய துயரம். இழந்தது படைப்பு, இழந்தவர் படைப்பாளி என்பதே அதன் கணக்கு. வாழ்விடத்தையும் பெயரையும் இழந்தவர் அக்கணக்கில் ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டார். கேபிடலில் வெளியே நிறுத்தப்பட்டவரை, அவருக்காகக் கண்ணீர் விடும் படமும் பாதியில் வெளியே விட்டுவிட்டது.

ரோசி அதன்பின் நாகர்கோவிலில் தம்மை ஏற்றி வந்த லாரி ஓட்டுநரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்கின்றனர். கணவர் நாயர் குலத்தவர். தாயின் திரை வாழ்வு அவ்வீட்டில் பேசப்படவில்லை. நாயர் பெண்ணாகச் சில நாட்கள் நடித்ததற்காகக் கல்லெறி பட்டவர், வாழ்நாள் முழுதும் அதே வேடத்தில் இருந்தார். இம்முறை யாரும் கல்லெறியவில்லை. ஏனெனில் யாருக்கும் அவர் இன்னார் என்று தெரியாது. அவருடையது என்று இன்று காட்டப்படும் நிழற்படம் ஒன்றே ஒன்று.

பின்னும் காலம் கடந்து சிலர் தேடத் தொடங்கியுள்ளனர். வினு ஆபிரகாம் மலையாளத்தில் எழுதிய ‘நஷ்டநாயிகா’ என்னும் நாவல் அவரை நடுவில் வைத்தது. ‘செல்லுலாய்டு’க்கும் அது துணைநின்றது. கேரளப் பெண் கலைஞர்கள் 2019-இல் அவர் பெயரால் திரைப்படச் சங்கம் அமைத்தனர். சென்னையிலேயே நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரால் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: தேடிப் போனவர்கள் பெரும்பாலும் பெண்களும், அவரைப் போல ஒதுக்கப்பட்டவர்களுமே.

நம் வீட்டுக்குள்

இது திருவிதாங்கூரின் கதை, நமக்கென்ன என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து சிறிது தொலைவில் வடக்கன்குளம் இருக்கிறது. அங்கு நம் கத்தோலிக்கர், சாதியார் தனித்தனியே அமர்ந்து ஒரே பலிபீடத்தை நோக்கும்படி, இரண்டு கிளைகளாகக் கோயில் கட்டினர். கால்சட்டைக் கோயில் என்று ஊரார் பெயரிட்டனர். குறுக்குச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் கலகமும் வழக்கும் நடந்தன. கேபிடலில் கூச்சலிட்டவர்கள் ஒரு மாலைப் பொழுதுதான் கூச்சலிட்டார்கள். நாம் சுவரே எழுப்பியிருந்தோம். இன்றும் நம் கல்லறைத் தோட்டங்களிலும் தேர்த்திருவிழாக்களிலும் அச்சுவரின் செங்கற்கள் முற்றிலும் அகன்றுவிட்டன என்று எந்தப் பங்குத்தந்தை நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்?

அன்று இளையோர் முன் நாம் சொன்ன விளக்கத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. இடையன் ஆட்டைத் தேடி வெளியே போகிறான். காசைத் தேடும் பெண்ணோ விளக்கேற்றித் தன் வீட்டையே பெருக்குகிறாள். வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோவதும் உண்டு என்பதை நாம் சொல்லாமல் விட்டோம். மூத்த மகனை நாம் அன்று குறிப்பிடவே இல்லை. அவன் சினம் கொண்டு உள்ளே வர மறுத்தான். தானே வெளியில் நின்றான். கேபிடலிலும் வடக்கன்குளத்திலும் மூத்த பிள்ளைகள் உள்ளே அமர்ந்துகொண்டு இளையவர்களை வெளியே நிறுத்தினார்கள். உவமையை நாம் அப்படித் திருப்பி எழுதிக்கொண்டோம்.

டேனியலின் கதையில் தொலைந்த மகனை அடையாளம் காட்டியது முதுகுத் தழும்பு. உயிர்த்த ஆண்டவரையும் தோமாவுக்கு அடையாளம் காட்டியவை காயங்களே. மகிமை பெற்ற உடலிலும் அவர் அவற்றை மறைக்கவில்லை. ‘விகதகுமார’னில் நமக்கு எஞ்சியிருப்பதும் தழும்புதான். கிழிந்த திரை, எரிந்த குடிசை, மாற்றிக்கொண்ட பெயர். காட்சிகள் அழிந்தாலும் இவற்றைக் கொண்டு அப்படம் இன்னதென்று அறிகிறோம். திறமையில் அது எத்தகையது என்று இனி யாராலும் சொல்ல இயலாது. நிழலைக்கூட மனிதராகக் காண மறுத்த ஒரு சமூகத்தின் முகத்தில், ஒரு சில மணி நேரம், அது ஒளியைப் பாய்ச்சிற்று. பல படங்கள் முழுதாக எஞ்சியும் அதைச் செய்ததில்லை.

இவற்றையெல்லாம் சொல்வதற்காக அம்மாணவியின் வீட்டுக்குச் சென்றோம். அவள் பாட்டி ஒரு திருமண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு குடியிருப்புக்குள் புகுந்தபோது நனைந்தது. மாடியில் உலர்த்தியும் படங்கள் கரைந்து, பழுப்பும் ஊதாவுமாகத் திட்டுகளே நின்றன. பாட்டியோ தயங்காமல் விரலை வைத்து, “இது எங்கம்மா, இது மாப்பிள்ளைத் தோழன், இது பூசை வச்ச சாமி” என்று வெற்றுத் தாளைப் படித்துக்கொண்டே போனார். ஓரத்தில் ஒரு திட்டின் மேல் விரல் நின்றது. “இங்க ஒரு பொண்ணு நின்னுச்சு. பாத்திரம் கழுவ வந்த பொண்ணு. பேரு ஞாபகம் வரல.”

பேத்தி ஆல்பத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “யாருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆயா? யோசிச்சுச் சொல்லு” என்றாள். பாட்டி யோசிக்கத் தொடங்கினார். நாம் கொண்டு சென்ற விடையைச் சொல்லாமல் உடன் காத்திருந்தோம்.